ஆரஞ்சு விளக்கும் ஆறுச்சாமியின் தேங்காயும்

ஆரஞ்சு விளக்கு பச்சைக்கு மாறவே இல்லை.

வேலுமணி கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தான். ஊஹூம். தினமும் காலையில் பெட்டிக்குக் கரண்ட் கொடுத்தால் முன்பக்கத்து விளக்கு முதலில் ஆரஞ்சாக எரியும். உள்ளே என்னமோ கணக்குப் போட்டுப் பார்க்கும். டீ ஆறுவதற்குள் பச்சையாகிவிடும். அதன் பிறகு மற்ற விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண்ணைத் திறந்து சிமிட்ட ஆரம்பிக்கும். அதை எத்தனை தடவை பார்த்தாலும் அவனுக்கு உடம்பு சிலிர்க்கும். இன்றைக்கு டீ ஆறி ஆடையும் கட்டிவிட்டது. விளக்கு அப்படியே இருந்தது.

அந்தப் பெட்டிக்குப் பெயர் ஸ்விட்ச். சுவரில் லைட் போடுகிற ஸ்விட்ச் இல்லை. கம்பெனியில் இருக்கும் அத்தனை கம்ப்யூட்டர் ஒயர்களும் வந்து சேருகிற ஜங்ஷன் அது. ஸ்டோர்ஸ் கணக்கில் ஒரு போல்ட்டைக் கழித்தால் அடுத்த நொடி முதலாளி மேஜையில் தெரியும். எப்படித் தெரிகிறது என்று யாராவது கேட்டால் வேலுமணி நன்றாகவே விளக்குவான். விளக்கி முடித்ததும், 'அது செரி, ஆனா எப்புடி?' என்று தனக்குள் ஒரு தடவை கேட்டுக்கொள்வான்.

தொண்ணூற்றேழில் கோயமுத்தூரில் இப்படி ஒரு பெட்டி வைத்திருந்த கம்பெனிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். தடாகம் ரோட்டில் அழகிரிசாமியின் பம்ப்செட் கம்பெனி அதில் ஒன்று. பெட்டி இருந்த ஏசி ரூமுக்கு வெளியே எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். யாரும் சொல்லி வந்த பழக்கமில்லை. வீட்டுக்கு ஒறம்பரை என்று சொந்தபந்தம் வந்தால் முதலாளி அவர்களை மருதமலைக்குக் கூட்டிப்போய்விட்டு, வருகிற வழியில் இந்தப் பெட்டியையும் காட்டித்தான் அனுப்புவார். போன மாதம் வந்த பெரியவர் ஒருவர் பெட்டி முன்னால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, சூடத்தட்டு எங்கே என்று தேடினார்.

இவ்வளவு பெருமைக்கும் நடுவே ஒரு வயிற்றெரிச்சலும் இருந்தது. இந்தியா பூராவும் கிணற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கொட்டுகிற பம்புகள் அந்தக் கம்பெனியிலிருந்து போயின. ஆனால் கம்பெனிக் காம்பவுண்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. முதலாளி ஆறு இடத்தில் போர் போட்டார். ஆறிலும் புகைதான் வந்தது. செய்த பம்பை ஓட்டிப் பார்க்கக்கூட லாரியில் தண்ணீர் வாங்கினார்கள். ஏழாவது போருக்கென்று எடுத்து வைத்த பணத்தை, பேசிப் பேசிக் கரைத்து, இந்தப் பெட்டியை வாங்கவைத்தவன் வேலுமணி.

அதனால்தான் ஆரஞ்சு விளக்கை அவனால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ஆஃப் பண்ணி ஆன் பண்ணினான். முதலில் சும்மா எரிந்துகொண்டிருந்த ஆரஞ்சு இப்போது விட்டு விட்டு எரிந்தது. உள்ளே இருந்த ஃபேன் உறுமத் தொடங்கியது. பிள்ளையார் பிடிக்கப் போன கதை அந்த நிமிஷத்தில்தான் ஆரம்பம்.

புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தான். எல்லா ஒயர்களையும் கழற்றிவிட்டுப் பெட்டியைத் தனியாக எழுப்பிப் பார்க்கும்படி போட்டிருந்தது. கழற்றினான். கடைசி ஒயரையும் கழற்றித் தரையில் போட்ட பிறகுதான், எது எந்தத் துளையில் இருந்தது என்று குறித்துக்கொள்ளவில்லை என்பது உறைத்தது. எல்லாம் ஒரே நீல ஒயர். ஆட்டுக்குடல் மாதிரி சுருண்டு காலடியில் கிடந்தது. பெட்டி தனியாகவும் எந்திரிக்கவில்லை.

கதவு திறந்தது. முதலாளி அழகிரிசாமி வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஏப்பா வேலுமணி, என்ற டேபிள்ல ஒண்ணுமே தெரியலையே."

"சித்த நேரம் பொறுங்க மொதலாளி. எந்திரிச்சுக்கிட்டு இருக்குதுங்க."

"எந்திரிக்கட்டும், எந்திரிக்கட்டும்." அவர் பெட்டியை ஒரு பார்வை பார்த்தார். கீழே கிடந்த ஒயர்களை ஒரு பார்வை பார்த்தார். "சாயங்காலம் அவிநாசிச் சம்பந்தி வாராரு. மகளைக் குடுத்த எடம். இந்தப் பொட்டியைப் பத்தி நான் வண்டி வண்டியாச் சொல்லி வெச்சிருக்கறேன். அவரு வாரப்ப பச்சை லைட்டு எரியோணும்."

"எரிஞ்சிருமுங்க."

"எரியாட்டியும் ஒண்ணுமில்ல. தாராபுரத்து ஜின்னிங் பேக்டரில குடோனுக்கு ஆள் கேட்டுக்கிட்டே இருக்காங்க. அங்க பொட்டியும் கெடையாது, ஒயரும் கெடையாது. நீ நிம்மதியாப் பஞ்சு மூட்டை எண்ணிக்கிட்டு இருக்கலாம்."

கோபமில்லாமல் சொன்னார். அழகிரிசாமிக்குக் கோபம் வந்தால் தெலுங்கு வரும். தமிழில், அதுவும் இத்தனை மரியாதையாகச் சொன்னார் என்றால் முடிவே பண்ணிவிட்டார் என்று அர்த்தம்.

தாராபுரம் நல்ல ஊர்தான், அமராவதி ஓடுகிற ஊர்தான். ஆனால் வேலுமணியின் மனைவி சண்முகப்பிரியா ஆர்.எஸ்.புரத்துப் பள்ளிக்கூடத்தில் மகன் நிதீஷுக்கு எல்கேஜி சீட்டு வாங்குவதற்காக, விடிவதற்கு முன்னே போய் வரிசையில் நின்று, முந்தப் பார்த்த மூன்று பேரோடு சண்டை போட்டு, அப்ளிகேஷனை மாரோடு அணைத்துக்கொண்டு வந்தவள். அவளிடம் போய்த் தாராபுரம் என்று சொல்வதற்குப் பதிலாக அந்த ஃபேனுக்குள்ளேயே விரலை விட்டுவிடலாம்.

எலக்ட்ரீஷியன் காளிச்சாமியைத் தேடி வெளியே ஓடினான். காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் தெருக்குழாய். குழாயடியில் வண்ண வண்ணக் குடங்கள் ஆளில்லாமல் வரிசை கட்டி நின்றன. சிறுவாணித் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். எத்தனை மணிக்கு என்பது ஆண்டவனுக்கும் வால்வு திறக்கிறவருக்கும் மட்டுமே தெரியும். முதல் குடத்துக்காரி பழனாத்தாள் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"ஏனுங் தம்பி, இன்னிக்கு எத்தனை மணிக்குங்க தண்ணி உடுவாங்க?"

"எனக்கெப்படீங்க தெரியும்?"

"கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லுங்க தம்பி. அதுல எல்லாந் தெரியும்னு உங்க மொதலாளி சொன்னாரே."

தினமும் நடக்கிற பேச்சுத்தான். வேறு நாளாக இருந்தால் வேலுமணி சிரித்திருப்பான்.

காளிச்சாமி வந்தான். மோட்டார் காயில் கட்டுவதில் தடாகம் ரோட்டிலேயே பேர் வாங்கியவன். எந்த இயந்திரமானாலும் அவனுக்கு மூன்றே நோய்கள்தான். ஒன்று ஓல்டேஜ் கம்மி, இன்னொன்று ஓல்டேஜ் ஜாஸ்தி, மூன்றாவது பேரிங் போய்விட்டது.

"இதுல பேரிங் இல்லீங்கண்ணா" என்றான் வேலுமணி.

"அப்ப ஓல்டேஜ்தானுங்." பெட்டியின் மேல் கையை வைத்தவன், வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டான். "சுருக்குங்குது சார். உசுரோடதான் இருக்குது."

காளிச்சாமியின் வைத்தியப்படி முதலாளி ரூம் ஃப்ரிட்ஜிலிருந்து ஸ்டெபிலைசரைக் கழற்றிக் கொண்டுவந்து மாட்டினார்கள். ஸ்டெபிலைசர் 'டக்' என்றது, 'டக்டக்' என்றது, அப்புறம் புகைந்தது. அதோடு ஏசியும் நின்றது. ஃப்ரிட்ஜில் சம்பந்திக்காக வைத்திருந்த அன்னபூர்ணா ஐஸ்கிரீம் பாயசமாகிக்கொண்டிருக்கிறது என்று ஆபீசிலிருந்து ஆள் வந்து சொன்னான்.

இனி ஒரே வழிதான். பெட்டியை விற்ற பெங்களூர்க் கம்பெனிக்கு எஸ்டிடி போட்டான். அங்கே உமர் பாரூக் என்று ஓர் இன்ஜினியர். வாணியம்பாடிக்காரர். பதறாமல் பேசுவார்.

"கன்சோல் கேபிளை மாட்டி ஸ்கிரீன்ல என்ன வருதுன்னு சொல்லுங்க சார்."

"எழுத்து வருதுங்க. பாதியில நிக்குதுங்க. மறுபடி மொதல்ல இருந்து வருதுங்க."

"அப்ப பெட்டி நல்லாத்தான் இருக்கு. எந்திரிக்கப் பாக்குது, கரண்ட் தள்ளிவிட்டுடுது. பெட்டியைத் தொட்டா ஷாக் அடிக்குதா?"

"அடிக்குதுங்க."

"எர்த் செத்துப்போச்சு சார். எர்த் குழியைப் பாருங்க. தினம் தண்ணி ஊத்தறீங்களா?"

வேலுமணி காளிச்சாமியைப் பார்த்தான். காளிச்சாமி கூரையைப் பார்த்தான்.

எர்த் குழி என்பது வேறொன்றுமில்லை. கரண்ட் தறிகெட்டால் மண்ணுக்குள் ஓடி ஒளிந்துகொள்ள, உப்பும் கரியும் போட்டுத் தகடு புதைத்து வைத்திருக்கிற குழி. மண் ஈரமாக இருந்தால்தான் வேலை செய்யும். குடிக்கவே லாரித் தண்ணீர் வாங்குகிற இடத்தில் குழிக்கு யார் ஊற்றுவார்கள்? கோடை ஆரம்பித்ததிலிருந்து ஒருத்தரும் ஊற்றவில்லை.

கேன்டீனில் வைத்திருந்த தண்ணீரை இரண்டு அண்டா கொண்டுவந்து ஊற்றினார்கள். மண் அதை 'சொய்ங்' என்று குடித்துவிட்டு இன்னும் கேட்டது. தகடு எப்படி இருக்கிறதென்று பார்க்கக் காளிச்சாமி கம்பியை லேசாகத்தான் இழுத்தான். துருப்பிடித்த கம்பி தகட்டை விட்டுவிட்டு அவன் கையோடு வந்துவிட்டது. இப்போது கம்பெனிக்கு எர்த்தும் இல்லை, மத்தியானத்துக்கு டீயும் இல்லை.

விஷயம் முதலாளி காதுக்குப் போயிற்று. அவர் வந்து குழியை எட்டிப் பார்த்தார்.

"அப்பத் தண்ணி இல்லாமத்தான் பொட்டி எந்திரிக்கலையா?"

"சுத்தி வளைச்சுப் பாத்தா... ஆமாங்க மொதலாளி."

"அந்தப் பொட்டியை வாங்கறதுக்காகத்தான நாம தண்ணியை வேண்டாம்னோம்?"

"புதுக் குழி தோண்டிரலாமுங்க" என்றான் காளிச்சாமி அவசரமாக. "ஈரமா இருக்கற எடமாப் பாத்துத் தோண்டுனா, சாயங்காலத்துக்குள்ள கம்பி எறக்கிப்போடலாம்."

ஈரம் என்ற சொல் காதில் விழுந்ததும் அழகிரிசாமியின் முகம் மாறியது. ஆறு போர் போட்ட மனுசன். அந்த ஆசை உள்ளே சாம்பல் மூடிக் கிடந்தது, அணையவில்லை.

"ஆறுச்சாமியைக் கூப்புடு" என்றார்.

ஆறுச்சாமி தேங்காய் வைத்து நிலத்தடி நீர் பார்க்கிறவர். ஏழாவது போருக்கு இடம் குறிக்க வேண்டியவர் அவர்தான். ஸ்விட்ச் வந்து அவர் வாய்ப்பைப் பறித்துக்கொண்டதிலிருந்து, கம்பெனியைத் தாண்டும்போதெல்லாம் டிவிஎஸ் வண்டியின் ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு போவார். இப்போது கூப்பிட்டதும் ஓடி வந்தவர் மாதிரி இல்லாமல், கொஞ்சம் மிதப்பாகவே வந்தார்.

"அய்யா, எங்களுக்குத் தண்ணியெல்லாம் வேண்டாமுங்க" என்றான் வேலுமணி. "லேசா ஈரம் இருந்தாப் போதும்."

"தேங்காய்க்கு அந்த நெதானமெல்லாந் தெரியாதுங் தம்பி" என்றார் ஆறுச்சாமி.

குடுமித் தேங்காயை உள்ளங்கையில் படுக்கவைத்தார். சாமியை நினைத்துக் கண்ணை மூடினார். நடந்தார். லேத் ஷாப் பக்கம், ஃபவுண்டரிப் பக்கம், பழைய போர்க்குழிகள் பக்கம். தேங்காய் தூங்கிக்கொண்டிருந்தது. பின்னாலேயே முதலாளி, அவருக்குப் பின்னால் காளிச்சாமி, அப்புறம் ஷிஃப்ட்டே எழுந்து நடந்தது. ரோட்டுப் பக்கம், முதலாளியின் அப்பா காலத்தில் கொஞ்சம் வெளியே தள்ளிக் கட்டிய காம்பவுண்டுச் சுவரை ஒட்டி வந்தபோது, தேங்காய் அசைந்தது. ஆடியது. விறுக்கென்று எழுந்து குடுமியை மேலே வைத்துக்கொண்டு நின்றது.

வேலுமணிக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் கையில் முடி எழுந்து நிற்பதை அவனால் நிறுத்த முடியவில்லை. இன்னொரு விஷயமும் சட்டென்று தோன்றியது. 'ரூமுக்குள்ள இருக்கற பொட்டியும் இப்புடித்தான, உள்ள என்ன நடக்குதுன்னு நமக்குத் தெரியவா செய்யுது?' அதன் பிறகு அவன் தேங்காயைக் கேலியாகப் பார்க்கவில்லை.

மோல்டிங் ஆட்கள் மம்பட்டியோடு இறங்கினார்கள். ஆள் உயரம் போனதும் கடப்பாரை 'டொக்' என்று எதிலோ பட்டது. வெள்ளை வெள்ளையாகச் சில்லு பெயர்ந்து வந்தது.

"நிறுத்திப்போடலாமுங்களா?" என்று உள்ளேயிருந்து கேட்டார்கள்.

ஆறுச்சாமி ஒரு சில்லை எடுத்து முகர்ந்து பார்த்தார். "சுக்காம்பாறைங்க. இதுக்கு அடியிலதான் ஊத்து. ஒரே போடு, வெசையாப் போடுங்க."

போட்டார்கள். பாறை உடைந்தது. கீழே உருண்டையாக ஒரு பொந்து தெரிந்தது. தண்ணீர் வரவில்லை. கொஞ்சம் ஈரக்காற்று மட்டும் 'உஸ்' என்று வந்தது. முதலாளியின் தோள் இறங்கிவிட்டது.

"பரவால்லீங்க, ஈரம் இருக்குதுங்க. எர்த்துக்கு இது தாராளம்" என்றான் வேலுமணி. அவனுக்கு வேண்டியது பச்சை விளக்கு மட்டும்தான். உப்பு மூட்டையைப் பிரிக்கக் கையை வைத்தான்.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் கூட்டமாகச் சத்தம் போட்டார்கள். குடங்கள் ஒன்றோடொன்று மோதின. அதே நேரம் இந்தப் பக்கம் குழிக்குள் ஏதோ களுக்கென்றது. அடுத்து ஒரு செருமல். உள்ளே நின்றவர்கள் அலறிக்கொண்டு மேலே ஏறினார்கள். அவர்கள் காலுக்குப் பின்னாலேயே தண்ணீர் ஏறி வந்தது. கலங்கல் தண்ணீர் இல்லை. கண்ணாடி மாதிரித் தண்ணீர், பொந்துக்குள்ளிருந்து பொங்கிப் பொங்கி, சுழன்று சுழன்று வந்தது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்பார்கள். இங்கே பூதத்துக்குக் குழி வெட்டக் கிணறு கிளம்பிவிட்டது.

"நீள்ளு" என்றார் முதலாளி. தெலுங்கில் தண்ணீர் என்று சொன்னார் என்பது தெலுங்கு தெரியாதவர்களுக்கும் புரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் குழி ஓரத்தில் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தார். "உப்பு இல்லப்பா. துளி உப்பு இல்ல. கல்கண்டாட்ட இருக்குது." கண்ணில் நீர் வழிந்தது. அவருடைய மகள் கல்யாணத்தில்கூட யாரும் அதைப் பார்த்ததில்லை.

எல்லோரும் குடித்தார்கள். வேலுமணியும் குடித்தான். பல் கூசுகிற குளிர்ச்சி. தொண்டைக்குள் இறங்கும்போதே ஒரு தித்திப்பு. ஆறுச்சாமி மட்டும் குடிக்கவில்லை. தன் கையிலிருந்த தேங்காயையே வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் அதன் சொல் இவ்வளவு வேகமாகப் பலித்ததில்லை போலிருக்கிறது.

"சார், கம்பி" என்று காளிச்சாமி நினைவுபடுத்தினான்.

புதுச் செம்புக் கம்பியை ஈர மண்ணில் அடித்து இறக்கினார்கள். ஒயரை இழுத்துக்கொண்டுபோய் ஏசி ரூமில் மாட்டினார்கள். வேலுமணி சாமியைக் கும்பிட்டுக்கொண்டு ஸ்விட்சுக்குக் கரண்ட் கொடுத்தான். ஆரஞ்சு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. சண்முகப்பிரியாவின் முகம் ஒரு தடவை வந்து போயிற்று.

பச்சை.

காலடியில் கிடந்த ஒயர்களைக் கையில் வந்தபடி செருகினான். எது எந்தத் துளை என்று பெட்டி கேட்கவே இல்லை. எந்த ஒயரில் யார் இருக்கிறார்கள் என்று அதுவே கண்டுபிடித்துக்கொண்டு, வரிசையாகக் கண்ணைச் சிமிட்ட ஆரம்பித்தது. இதற்காகவா காலையிலிருந்து செத்துச் செத்துப் பிழைத்தோம் என்று அவனுக்கு அழுகையும் சிரிப்பும் ஒட்டுக்கா வந்தது.

அவிநாசிச் சம்பந்தி காரிலிருந்து இறங்கியபோது அவரை யாரும் பெட்டி பார்க்கக் கூட்டிப்போகவில்லை. நேராக ஊற்றுக்குத்தான் கூட்டிப்போனார்கள். அதற்குள் குழியைச் சுற்றி மஞ்சள் தெளித்து, எலுமிச்சம்பழம் நறுக்கி, பூ போட்டாயிற்று. சம்பந்தி ஒரு டம்ளர் குடித்தார். இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"எங்கூர்ல ஆயிரம் அடிக்குப் போனாலும் சப்புன்னுதானுங்க வருது. ஆளு ஒசரத்துலயே இப்புடி ஒரு ருசியா? நீங்க புண்ணியம் பண்ணவருங்க சம்பந்தி" என்று அழகிரிசாமியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அழகிரிசாமி வேலுமணியைத் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். "எல்லாம் இந்தக் கண்ணுனாலதான். இவன் அந்தப் பொட்டியை வாங்கலைன்னா நமக்கு இந்த எடமே தெரிஞ்சிருக்காது. தாராபுரமெல்லாம் வேண்டாங் கண்ணு. இங்க சுத்துச்சொவரு கட்டி மோட்டார் எறக்கோணும், நம்ம கம்பெனி மோட்டாராவே எறக்கோணும், நீதான் முன்ன நின்னு பாக்கோணும்."

வேலுமணி தலையாட்டினான். சண்முகப்பிரியாவுக்கு வாங்கிப்போக வேண்டிய மல்லிகைப்பூ வரை மனதில் கணக்குப் போட்டாயிற்று.

முதலாளிக்கு அந்தச் சந்தோஷத்தைத் தனியாக வைத்துக்கொள்ள முடியவில்லை. "மொதக் கொடம் தெருவுக்குத்தான். கொழாயடில நிக்கற பொம்பளைங்களைக் கூப்புடுங்கப்பா, பாவம், காத்தாலே இருந்து நின்னுக்கிட்டு இருக்காங்க" என்றார்.

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் வெகு நேரமாகச் சத்தமே இல்லை என்பதை வேலுமணி கவனித்தான்.

கேட்டைத் திறக்கும்முன் பழனாத்தாளே இடுப்பில் குடத்தோடு உள்ளே வந்தாள். மஞ்சளையும் பூவையும் அவள் பார்க்கவில்லை. முதலாளியையும் சம்பந்தியையும் பார்க்கவில்லை. நேராக வேலுமணியிடம் வந்து குடத்தைச் சாய்த்துக் காட்டினாள். பாதிதான் இருந்தது.

"ஏனுங் தம்பி, சிறுவாணி வந்ததும் வராததுமா நின்னுபோச்சுங்க. அத்தனை தண்ணியும் எங்க போகுதுன்னு உங்க கம்ப்யூட்டர்ல சித்த பாத்துச் சொல்லுங்க."